14 நாளில் 14 துறைமுக ஊர்களா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்களும் உங்கள் துணைவியும் ஒரு வாரப் பாய்மரப் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். 10 மீட்டர் படகு ஒன்றை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, கடற்கரையை ஒட்டியே போய், வழியில் வரும் சின்ன ஊர்களில் இறங்கிச் சுற்ற ஆசை. வரைபடத்தில் 14 ஊர் குறித்தாயிற்று, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 20 கடல் மைல், படகு போய்விடுமா என்று கேட்கிறீர்கள். படகு போய்விடும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது படகைப் பற்றி அல்ல, அந்த ஊர்களைப் பார்க்கக் கிடைக்குமா என்பதைப் பற்றி என்று நினைக்கிறேன். அதற்கு என் பதில்: 14 ஊரைத் தொடலாம், பார்க்க முடியாது. ஆறு அல்லது ஏழாகக் குறைத்தால் பார்க்கலாம். வாடகைப் படகுகளை ஓட்டியும், ஓட்டக் கற்றுக்கொடுத்தும் பழகியதை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கணக்கு. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர், ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். 10 மீட்டர் படகு எவ்வளவு நல்ல காற்றிலும் ஏழு நாட்டைத் தாண்டித் தொடர்ந்து ஓடாது, தண்ணீரில் பதிந்திருக்கும் நீளமே அதன் வேகத்துக்கு வரம்பு கட்டிவிடுகிறது. நாள் முழுக்கச் சராசரியாக ஐந்து நாட் கிடைத்தால் நல்ல ஓட்டம். அப்படியானால் 20 மைலுக்கு நான்கு மணி நேரம், மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்று தோன்றும். காற்று பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ அடித்தால் இது சரி. போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வந்தால் கதை வேறு. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. சுமார் 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் போக வேண்டும். அப்போது 20 மைல் என்பது 28 மைலாகிவிடும், எதிர் அலையில் வேகமும் குறையும். ஏழு மணி நேரம் ஆகிவிடும். கயிறு அவிழ்த்துக் கிளம்ப அரை மணி, போய்ச் சேர்ந்து இடம் தேடிக் கட்ட ஒரு மணி என்று சேர்த்தால் ஊர் பார்க்கப் பொழுதும் இருக்காது, தெம்பும் இருக்காது. இன்ஜினைப் போட்டுக்கொண்டு போகலாமே என்பீர்கள். போகலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் எதிர்க்காற்றிலும் எதிர் அலையிலும் இன்ஜினில் போவது படகுப் பயணத்திலேயே இன்பம் குறைந்த பகுதி, அதற்காக நீங்கள் ஒரு வாரம் பயிற்சி எடுத்திருக்க மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கு நேரத்தைப் பற்றியது. கோடைக்காலத்தில் கரையோரக் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அதன்மேல் இருக்கும் காற்று மேலெழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். முற்பகல் கடைசியில் ஆரம்பித்து, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது தணிந்துவிடும். அதாவது படகு ஓட்டிக் களைத்துப்போய், பழக்கமில்லாத ஒரு துறைக்குள் நுழையும் அதே நேரத்தில்தான் காற்றும் அதிகமாக இருக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 10 நாட் 20 ஆனால் படகின்மேல் விழும் தள்ளல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. போதாததற்கு, சுற்றுலாப் பருவ நாட்களில் சிறு துறைமுகங்கள் பிற்பகலிலேயே நிரம்பிவிடும். ஆகவே காலை ஏழு மணிக்குக் கிளம்பி, முந்தைய நாள் தங்கிய படகுகள் கிளம்பிப் போயிருக்கும் நடுப்பகலில் போய்ச் சேருங்கள். இடமும் கிடைக்கும், காற்றும் இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது, பிற்பகல் முழுக்க ஊருக்குக் கிடைக்கும். இதைச் செய்ய வேண்டுமானால் ஒரு நாள் ஓட்டம் 12 முதல் 15 மைலுக்குள் இருக்க வேண்டும்.

இது நேரக் கணக்கு மட்டும்தான். 14 ஊர் என்ற திட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. திட்டத்தை ஊர்களை வைத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் போட்டால் ராத்திரி படகு எங்கே நிற்கும் என்பதிலிருந்து தொடங்குவேன். கரையில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பது ஊரின் அழகைப் பொறுத்ததல்ல, விட்டுவந்த படகின்மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பொறுத்தது. பிடிப்பு சரியில்லாத இடத்தில் நங்கூரம் போட்டுவிட்டு ஊருக்குள் நடப்பவரைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொரு சந்து முனையிலும் கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஊரின் பழைய கோட்டையோ சந்தையோ எதுவும் அவர் கண்ணில் பதியாது.

அதனால் நங்கூரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு வாரப் பயிற்சியில் இதற்கு அரை நாள் கொடுத்திருந்தாலே அதிகம். மணலும் சேறும் நன்றாகப் பிடிக்கும். பாறையும் அடர்ந்த கடற்புல்லும் பிடித்ததுபோல் காட்டிவிட்டுக் கைவிடும். மத்தியதரைக் கடலில் பொசிடோனியா என்ற கடற்புல் வெளிகள்மேல் நங்கூரம் போடுவதற்குப் பல இடங்களில் தடையும் இருக்கிறது, ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018-இலிருந்து தனிச் சட்டமே உண்டு. தெளிந்த நீரில் மேலிருந்து பார்த்தால் வெளிர் நிறம் மணல், கரும்பச்சைத் திட்டு புல். வெளிர் திட்டைத் தேடிப் போடுங்கள். சங்கிலி நீளத்துக்குப் பலரும் சொல்லும் அளவு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று ஏறும் என்றால் ஏழு மடங்கு. ஆனால் ஆழம் என்பது கருவியில் தெரியும் எண் அல்ல. கருவி 4 மீட்டர் காட்டுகிறது, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம், ராத்திரி ஓதத்தால் கடல்மட்டம் இன்னும் 2 மீட்டர் ஏறும் என்றால், நீங்கள் ஐந்தால் பெருக்க வேண்டியது 7 மீட்டரை. 20 அல்ல, 35 மீட்டர் சங்கிலி.

போடும் முறையும் முக்கியம். படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, அசைவற்று நிற்கும் வரை காத்திருங்கள். நங்கூரம் தரையைத் தொட்டதும் படகு தானாகக் காற்றில் பின்னால் நகரும், அந்த நகர்வுக்கு ஏற்பச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் குவியலாக விழுந்து நங்கூரத்தையே சிக்க வைக்கும். முழு நீளமும் போன பிறகு இன்ஜினை மெதுவாகப் பின்னோக்கி விட்டு, நிமிடத்துக்கு 1500 சுற்று வரை படிப்படியாக ஏற்றுங்கள். இந்த நேரத்தில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைப்பாக நிற்கும், கைக்கு ஒன்றும் தெரியாது. தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தால் கடகடவென்று ஒரு அதிர்வு விட்டுவிட்டு வரும், ஒருமுறை தொட்டு உணர்ந்தவருக்கு அது மறக்காது. அதே சமயம் இன்னொருவர் கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு பொருளை, உதாரணமாக ஒரு கம்பத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு வீட்டு மூலையையும், ஒரே கோட்டில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கோடு கலையாவிட்டால் படகு நகரவில்லை. இத்தனையும் சரியாக நடந்தாலும் உடனே டிங்கியில், அதாவது கரைக்குப் போய்வரும் சிறு படகில், ஏறாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள், சுற்றியுள்ள படகுகள் காற்று மாறினால் எந்தப் பக்கம் வீசி வரும் என்று பாருங்கள், அப்புறம் கிளம்புங்கள்.

துறைச் சுவரில் கட்டுவது பாதுகாப்பானது, ஆனால் இரண்டு பேருக்கு அதுதான் பதற்றமான வேலை. மத்தியதரைக் கடல் ஊர்களில் பெரும்பாலும் படகின் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டித்தான் கட்ட வேண்டும். முன்னால் நங்கூரம் போட்டுக்கொண்டே பின்னோக்கி வர வேண்டும், அல்லது கடல் தரையில் பொருத்திய கயிற்றை எடுத்து முன்பக்கம் கட்ட வேண்டும். ஒருவர் சுக்கானில், ஒருவர் நங்கூரத்தில் என்றால் பின்பக்கக் கயிற்றைக் கரைக்கு வீச மூன்றாவது ஆள் இல்லை. சுவரில் நிற்பவர் யாராவது கை கொடுப்பார்கள், இது உலகமெங்கும் உள்ள வழக்கம், வெட்கப்படாமல் கயிற்றை நீட்டுங்கள். இடித்துவிடுவோமோ என்று பயந்து காலை நீட்டிச் சுவரைத் தள்ள மட்டும் போகாதீர்கள். நான்கைந்து டன் படகுக்கும் கல்லுக்கும் நடுவே கால் ஒன்றும் செய்யாது, அதற்குத்தான் படகின் பக்கத்தில் தொங்கவிடும் ஃபெண்டர் என்ற மெத்தைகள். முதல் நாள் காலையில், காற்றில்லாத நேரமாகப் பார்த்து, காலியாக இருக்கும் ஒரு துறைச் சுவரில் இதை ஐந்தாறு தடவை பழகிவிட்டுப் பயணத்தைத் தொடங்குங்கள் என்பேன்.

ஓதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் எந்தக் கடற்கரை என்று எழுதவில்லை, அதைப் பொறுத்து இது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், எல்லாமாகவும் இருக்கலாம். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் கவனிக்கவே மாட்டீர்கள். பிரான்ஸின் வடகரையில் சேன் மாலோவில் பெரிய ஓத நாட்களில் ஏற்ற இறக்கம் சுமார் 12 மீட்டர், நான்கு மாடி உயரம். ஓதமுள்ள கரையில் நீர் சீராக ஏறி இறங்காது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறுகிறது என மாலுமிகள் வைத்துக்கொள்வார்கள். இது தோராயம்தான், ஆனால் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் நகர்ந்துவிடுகிறது என்பதைப் புரியவைக்கப் போதும். அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து ஓதம் உச்சத்தில் இருக்கும். பல சின்னத் துறைமுகங்களுக்குள் நீர் உயர்ந்திருக்கும் சில மணி நேரம்தான் நுழைய முடியும், அப்படியிருந்தால் கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்வதில்லை, ஓத அட்டவணை முடிவு செய்கிறது.

வானிலை விஷயத்தில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பிரித்துச் சொல்கிறேன். நாளைக்கும் மறுநாளுக்கும் உள்ள காற்று முன்னறிவிப்பை நான் நம்பித் திட்டம் போடுவேன். மூன்றாம் நாளை எச்சரிக்கையோடு பார்ப்பேன். ஐந்தாம் நாளுக்கு மேல் வருவது போக்கைக் காட்டும், அவ்வளவுதான். அதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கைப்பேசிச் செயலிகள் காட்டும் காற்று ஒரு பரப்பின் சராசரி. முனைகளைச் சுற்றும்போதும் இரண்டு தீவுகளுக்கு நடுவிலும் மலைக் கணவாய்க்குக் கீழேயும் அதைவிட அதிகமாக அடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அத்தகைய முனைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். சில கடல்களுக்குச் சொந்தக் காற்று உண்டு. ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து வரும் மெல்டெமி, வானம் துளி மேகமில்லாமல் நீலமாக இருக்கும்போதே நாள்கணக்கில் வீசும். ஏட்ரியாட்டிக் கடலில் போரா என்ற காற்று, மலையிலிருந்து இறங்கும்போது திடீரென்று விழும். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் நான்கு, அதாவது 11 முதல் 16 நாட் வரை, உங்கள் அனுபவத்துக்கு அருமையான ஓட்டம். ஐந்து என்றால் கிளம்பும் முன்பே பாயைச் சுருக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆறு, அதாவது 22 நாட்டுக்கு மேல் என்று அறிவிப்பு வந்தால் கிளம்பாதீர்கள், அந்த ஊரிலேயே இருங்கள். இரண்டு வாரத்தில் மூன்று நாளாவது இப்படிப் போகும் என்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள். போகாவிட்டால் லாபம். என்னைக் கேட்டால், பயணிகள் ஒரு ஊரை உண்மையாகவே பார்ப்பது காற்று அவர்களைக் கிளம்ப விடாத அந்த இரண்டாம் நாளில்தான். முதல் நாள் துறைமுகத் தெருவோடு முடிந்துவிடும்.

திரும்பி வரும் வழியையும் முன்கூட்டியே யோசியுங்கள். படகை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்றால், அந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக முதல் வாரத்தில் போய்விடுங்கள். கஷ்டமான பகுதி முதலில் முடிந்துவிடும், திரும்பும்போது காற்று பின்னால் இருக்கும். காற்றோடு போய்விட்டுக் கடைசி மூன்று நாளில் 60 மைல் எதிர்க்காற்றில் திரும்புவது விமான டிக்கெட்டுக்குப் பயந்து ஓட்டுவதாகிவிடும். மோசமான வானிலையில் யாராவது கிளம்பினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு தேதி.

சட்டங்களில் உறுதியானவை இவை. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் எல்லாக் கடலுக்கும் பொருந்தும். பாய் விரித்திருந்தாலும் இன்ஜின் படகைத் தள்ளினால் நீங்கள் மோட்டார் படகு. வலை இழுத்துக்கொண்டிருக்கும் மீன்பிடிப் படகுக்கு வழிவிட வேண்டியது நீங்கள்தான், பாய்மரப் படகுக்கு எல்லோரும் வழிவிடுவார்கள் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி நங்கூரத்தில் நின்றால் நாலாபுறமும் தெரியும் வெள்ளை விளக்கு, பகலில் கறுப்புப் பந்து. துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை உங்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் வட, தென் அமெரிக்காவிலும், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸிலும் இது தலைகீழ், சிவப்பு வலப்பக்கம். படகில் உள்ள தொடர்பு வானொலியில் அவசரத்துக்குச் சேனல் 16. உரிமம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். குரோஷியாவிலும் கிரீஸிலும் சான்றிதழ் இல்லாமல் படகைக் கொடுக்க மாட்டார்கள். குரோஷியாவில் வானொலிச் சான்றும் கேட்பார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் ஐ.சி.சி. என்ற சர்வதேசப் படகோட்டும் திறன் சான்று செல்லும். ஒரு வாரப் பயிற்சியில் உங்களுக்குக் கிடைத்தது எந்தச் சான்றிதழ் என்று பார்த்து, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி கரை. படகுக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள 200 மீட்டரைத்தான் யாரும் மதிப்பதில்லை. கடலில் கவனமாக இருப்பவர்கள்கூட டிங்கியில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல், விளக்கு இல்லாமல், இரவு 11 மணிக்கு அளவுக்கு மீறி ஆளேற்றிக்கொண்டு வருவார்கள். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டிக்கொள்ளுங்கள், துடுப்பை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓதமுள்ள இடத்தில் டிங்கியை நீளக் கயிற்றில் கட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது சேற்றில் 50 மீட்டர் உள்ளே கிடக்கும். இன்னொன்று, பகலில் உங்கள் படகு தனியாகத் தெரியும், இருட்டியதும் குடாவில் 30 வெள்ளை விளக்குகள் ஒரே மாதிரி உச்சியில் எரியும். படகின் பின்பக்கத்தில் தாழ்வாக ஒரு சின்னச் சூரிய விளக்கைக் கட்டிவிட்டுப் போங்கள், நீலமோ மஞ்சளோ அடையாளத்துக்கு ஏதாவது ஒன்று. ஆனால் சிவப்பு, பச்சை வேண்டாம், அவை கடலில் வேறு அர்த்தம் கொண்டவை.

ஊருக்குள் போனதும் முதல் வேலையாக மேட்டில் ஏறுங்கள். துறைமுக ஊர்கள் பலவற்றில் ஒரு கோயிலோ தேவாலயமோ பழைய காவல் கோபுரமோ உயரத்தில் இருக்கும். ஊர் மொத்தமும் தெரியும் என்பது ஒரு காரணம். உங்கள் படகு நிற்கும் இடமும், முனைக்கு அந்தப்புறம் கடல் எப்படி இருக்கிறது என்பதும் அங்கிருந்து தெரியும் என்பது இன்னொன்று. அடைப்பான குடாவுக்குள் இருப்பவருக்கு வெளியே அலை வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருப்பது தெரியாது. நாளைக்குக் கிளம்பலாமா என்ற பேச்சை அந்த மேட்டில் நின்று பேசிக்கொள்ளுங்கள். இறங்கி வரும்போது துறைமுக அலுவலகத்திலோ மீன்பிடிப் படகுகள் பக்கத்திலோ ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ராத்திரி எந்தக் காற்று மோசம்? வழிகாட்டி நூலில் இல்லாதது அந்தப் பதிலில் கிடைப்பதுண்டு. செயலிகளில் மற்ற பயணிகள் எழுதும் குறிப்புகளையும் படியுங்கள், ஆனால் ஆழத்தைப் பற்றி அதில் வரும் எண்களை நம்பி உள்ளே போகாதீர்கள். எழுதியவரின் படகு எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது, அப்போது ஓதம் எந்த நிலையில் இருந்தது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

சின்ன விஷயங்கள் சில. குடிநீர்த் தொட்டி இருவருக்கு நாலைந்து நாள் வரும், சிக்கனமாக இருந்தால் ஒரு வாரம். டீசல் கவலை வேண்டாம், 30 குதிரைத்திறன் இன்ஜின் மிதமான வேகத்தில் மணிக்கு மூன்று லிட்டருக்குள்தான் குடிக்கும். கடல் மயக்க மாத்திரை வாந்தி வந்தபின் பயன்படாது, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மயக்கம் வருபவரைச் சுக்கானில் நிறுத்தி அடிவானத்தைப் பார்க்கச் சொன்னால் பாதி குறைந்துவிடும்.

இரண்டு பேர் போதுமா என்பதற்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வேலைக்குப் போதும், நிறையத் தம்பதிகள் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மற்றவர் தனியாகப் பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டு, படகைக் கரை சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அது உங்கள் இருவருக்கும் வருமா என்பதைக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள், ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மற்றவரைச் செய்யச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். கொஞ்சம் தயக்கம் இருந்தால் முதல் மூன்று நாளுக்கு ஸ்கிப்பர் எனப்படும் அனுபவமுள்ள படகோட்டி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், நிறுவனங்கள் ஏற்பாடு செய்து தரும். எந்தக் கடற்கரை, எந்த மாதம் என்று சொல்லுங்கள், அந்த 14 ஊரின் பட்டியலையும் போடுங்கள். எவற்றை விடலாம் என்று பார்ப்போம்.